செவலையின் மூக்குக்கு ஒரு வலை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சௌக்கியம், நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியான்னு முதல்ல கேக்கச் சொன்னா அம்மா, கேட்டுட்டேன். இனி என் சேதி.

நான் வேலை பாக்குற லாயத்துல செவலைன்னு ஒரு குதிரை இருக்கு. ரெண்டு மாசமா சவாரிக்குப் போனா, குளவி கொட்டின மாதிரி தலையை வெடுக் வெடுக்குன்னு மேல தூக்குது, மூக்கை முன்னங்கால்ல தேய்க்குது. சவாரி மாஸ்டர் அது திமிர், கடிவாளத்தை இறுக்குங்கன்னார். நானும் இறுக்கினேன். போன மாசம் ஒரு டீச்சரம்மாவைக் கீழ தள்ளிடுச்சு, பாவம், அவங்களுக்கு மணிக்கட்டு பிசகிப்போச்சு. முதலாளி வித்துடலாம்னுட்டார். எனக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு, லாயத்துக்குள்ள சாதுவா நிக்குதே, திமிர்னா உள்ளேயும் இருக்கணுமில்ல? பத்து நாள் கேட்டு வாங்கினேன். நிழல்ல நடத்தினா ஒண்ணுமில்ல, வெயில்ல ஆரம்பிச்சுடுது, மேகம் மூடினா கம்மி, காத்தடிச்சா ஜாஸ்தி. எல்லாத்தையும் காலண்டர்ல கிறுக்கி வெச்சேன். இத்தனை வருஷத்துல என் முகத்தை இப்படி ஒரு நாள் பார்த்ததுண்டான்னு அம்மா கேக்குறா.

மாட்டு டாக்டரம்மா வந்து பல்லு, காது, கண்ணு எல்லாம் பார்த்துட்டு என் காலண்டரையும் வாங்கிப் படிச்சாங்க. முகத்துல ஓடுற நரம்பு சும்மாவே சுரீர்னு வலியைக் கிளப்புதாம், வெளிச்சமும் காத்தும் பட்டாலே போதுமாம். முழுசா குணமாகாது, சமாளிக்கலாம், மூக்குமேல மெல்லிசா வலை கட்டிப் பாருங்க, சில குதிரைக்குக் கேக்கும்னாங்க. கடையில வாங்க எனக்கு ஏது பொறுமை, பழைய கொசுவலையை வெட்டித் தைச்சுட்டேன். கட்டி வெயில்ல விட்டா, ஒரு சுத்துக்கு ஒரே ஒரு தடவைதான் சிலுப்புச்சு! சந்தோஷம்தான், ஆனா கடிவாளத்தை இறுக்கின கையும் இதுதானே. காத்தடிக்கிற நாள்ல வலையும் பலிக்கல, அன்னிக்குச் சவாரி வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். முனகினார், ஆனா விக்கல.

அம்மாடி, நீ எட்டாவது படிக்கிறப்ப தலை பிளக்குதுன்னு அழுதே, பரீட்சைக்குப் பயந்து நடிக்காதேன்னு அதட்டி அனுப்பினேன். ஒரு கேள்விகூடக் கேக்கல. இப்பவும் வருதா? எந்தப் பக்கம், எந்த நேரம், வெளிச்சம் பட்டா கூடுதா? ஒண்ணு விடாம எழுது. என்னைத் திட்டணும்னு தோணினா அதையும் எழுது.

நோய் நொடி அண்டாம, நினைச்சதெல்லாம் கைகூடி நல்லா இரு. அம்மா குடுத்தனுப்பின போர்வையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காதே, எடுத்துப் போர்த்திக்க.

உன் பதிலுக்குக் காத்திருக்கிற
அப்பா