கொண்டை இல்லாத முகமூடி

மாமாவுக்கு, மெல்போர்னிலிருந்து வேதவல்லி எழுதுறேன். உங்க முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு? அத்தை மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா? நான் நல்லா இருக்கேன்.

மியூசியத்துல ஒரு கூத்து நடந்தது. பயப்படாதீங்க, வேலை போகல. காங்கோ நாட்டு சொங்யே மக்கள் சடங்குல போட்டு ஆடுற மர முகமூடிகள் கண்காட்சிக்கு வந்திருக்கு. ஆண் முகமூடிக்கு உச்சியில சேவல் கொண்டை மாதிரி எடுப்பா இருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது, முகமும் வெள்ளை. எங்க மேனேஜர் கிரெக், கொண்டையே இல்லாத வெள்ளை முகமூடிக்கு 'ஆண்'னு அட்டை எழுதி வச்சார். தப்புன்னு சொன்னேன். "கண்ணாடி துடைக்கிறதுதான் உன் வேலை"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அன்னைக்கே மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன். அந்த அட்டை நல்லாத் தெரியணும்னு அந்தக் கண்ணாடியை மட்டும் தினம் ரெண்டு தடவை துடைச்சேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு சொங்யே பெரியவரையே விருந்தினரா கூப்பிட்டிருந்தார் கிரெக். மைக்கைப் பிடிச்சு, அந்த வெள்ளை முகமூடியைக் காட்டி, "இந்த மாவீரனைப் பாருங்கள்"னு ஆரம்பிச்சதும் பெரியவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "ஐயா, இவள் பெண்!" கூட்டமே சிரிச்சது. கிரெக் என்னைத் தேடினார். நான் கண்ணாடி துடைச்சுக்கிட்டிருந்தேன்.

உங்க பழைய வேட்டி ரெண்டு அனுப்புங்க, துடைக்க மெத்துன்னு இருக்கும். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனையோட அப்படியே அனுப்புங்க.

பஸ் ஸ்டாப்புல உக்காந்துதான் எழுதுறேன், பஸ் வர்ற நேரமாச்சு. புது அட்டை எழுதிக் குடுன்னு கிரெக் மூணு நாளா என் பின்னாடியே அலையுறார். கண்ணாடி இன்னும் துடைச்சு முடியலன்னு சொல்லியிருக்கேன்.

வேதா