வலப்பக்கம் நீளும் பந்து

3.10.1988, திங்கள்

காலையில் மழை. மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றித் துடைத்த பிறகுதான் கிளம்பியது. கூடக் குடியிருக்கும் அர்ச்சுனன் பின்னால் உட்கார்ந்துகொண்டு பூட்ஸ் பையைக் குழந்தை மாதிரி அணைத்திருந்தான். அவனை ஜெலாப்பாங் தொழிற்சாலையில் இறக்கிவிட்டு நான் நில அளவை ஆபீஸ் போனபோது தாமதம். மழையில் யாரும் நிலம் அளக்கப் போவதில்லை, பிறகு எதற்கு நேரத்துக்கு வர வேண்டும் என்று வருகைப் பதிவேடு எழுதும் பெரிய கிராணியிடம் கேட்டேன். முறைத்தார். பதில் இல்லாதவர்கள் முறைக்கிறார்கள்.

மாலையில் அர்ச்சுனன் ஒரு செய்தியோடு வந்தான். ரப்பர் தோட்டங்களுக்கிடையே நடந்த கால்பந்துக் கோப்பை ஆட்டத்தில் இவனைப் பார்த்தவர்கள் மாநில அணிப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு சம்பளத்துக்கு ஆடும் லீக் வருகிறது. இந்த மாதக் கடைசிவரை பயிற்சி ஆட்டங்கள். பிடித்துப்போனால் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டால் தொழிற்சாலையை விட வேண்டும். சூப்பர்வைசர் இப்போதே, "பந்தா வேலையா, ஒன்னச் சொல்லு" என்கிறாராம்.

"என்ன செய்யட்டும் அண்ணே?"

ஸ்டேடியத்தில் நீ ஆடி நான் பார்த்ததில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முகம் தொங்கிவிட்டது. வேறென்ன சொல்வது? என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தால் நன்றாக ஆடுகிறான் என்று ஆகிவிடுமா?

5.10.1988, புதன்

துணி துவைக்கும் முறை அவனுடையது. துவைக்கவில்லை. பூட்ஸ் மட்டும் பளபளக்கிறது.

9.10.1988, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

நடுக்களத்தில் நின்று பந்து பிரிக்கிற வேலை அவனுக்கு. எல்லாப் பந்தும் அவன் காலுக்கு வந்துதான் போகிறது. கண் நல்ல கண். எவன் எங்கே ஓடப்போகிறான் என்று ஓடுகிறவனுக்கு முன்பே இவனுக்குத் தெரிகிறது. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. வலது ஓரத்துக்கு அடித்தால் பந்து கோட்டைத் தாண்டி வேலியில் முட்டுகிறது. இடது ஓரத்துக்கு அடித்தால் பாதி வழியிலேயே சோர்ந்துபோய் எதிரி காலில் விழுகிறது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

பிறகு குனோங் ராபாட்டில் மீரா சாஹிப் சாப்பாட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை அங்கே இழுத்து ஆற்றும் தே தாரிக் தேநீரை விடச் சூடு பேச்சுதான். டாக்சிக்காரர் பத்துமலை மேசையைத் தட்டினார்.

"தோட்டத்துப் பையன் லா! எத்தன வருஷம் கழிச்சு நம்ம பையன் ஒருத்தன் உள்ள போறான். ரெண்டு மாட்ச் ஆடினா கால் சரியாயிடும்."

"பயம்யா பயம்," என்றார் கல்லாவிலிருந்து மீரா சாஹிப். "கூட்டத்தப் பாத்தா எனக்கே ரொட்டி கருகிடும்."

நான் சொன்னேன்: "அவன் இன்னும் தயாராகல. ஒரு வருஷம் கிளப்ல ஆடட்டும். இப்ப வேலைய விட்டான்னா நடுத்தெருவுலதான் நிப்பான்."

"நீ பந்து உதைச்சிருக்கியா? நீ அளக்கிற ஆளு. போய் எல்லைக் கல்லு நடு."

"உதைக்கத் தெரியாதவனுக்கும் வெளிய போற பந்து தெரியும் அண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினேன். கழுத்தில் துண்டோடு அர்ச்சுனன்.

தே வாங்கிக் குடித்தான், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான்.

10.10.1988, திங்கள்

பேச மாட்டேங்கிறான். பஸ்ஸில் வேலைக்குப் போறானாம். போ. நான் என்ன பொய்யா சொன்னேன்? பந்து வெளிய போச்சா இல்லையா? வாசல்ல நிக்கிறான்னு தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா —

சொல்லியிருப்பேன். கொஞ்சம் மெதுவா.

13.10.1988, வியாழன்

இதை விவரமாக எழுத வேண்டும்.

மெங்லெம்பு பக்கம் மட்டம் பார்க்கப் போனோம். மேடு பள்ளம் காட்டும் லெவல் கருவி தப்பாகக் காட்டுகிறது. புதிதாகச் சேர்ந்த ராஜு, "இது கெட்டுப்போச்சு அண்ணே, தூக்கிப் போடுங்க" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் படித்ததை அப்படியே அவன் தலையில் கொட்டினேன். "ஒரு தரம் மேல காட்டி, ஒரு தரம் கீழ காட்டினாத்தான் கெட்டுப்போச்சு. எப்பவும் ஒரே பக்கம், ஒரே மாதிரி தப்பா காட்டுச்சுன்னா அது நல்ல கருவி. எங்கயோ ஒரு திருகாணி கோணியிருக்கு. அதத் திருப்பினா சரியாயிடும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிட்டது.

அர்ச்சுனன் வலப்பக்கம் அடித்த பந்து ஒன்றாவது குறைந்ததா? இல்லை. இடப்பக்கம் ஒன்றாவது நீண்டதா? இல்லை. பயத்தில் அடிக்கிறவனுக்குப் பந்து நாலா பக்கமும் சிதறும். இவனுக்குச் சிதறவில்லை. மீரா சாஹிப்பும் தப்பு, பத்துமலை அண்ணனும் தப்பு. நானும்தான். திருகாணி எங்கே?

வீட்டுக்கு வந்து நானே மௌனத்தை உடைத்தேன்.

"உங்க தோட்டத்துல எந்தத் திடல்ல ஆடுவீங்க?"

"தோட்டத்துல எத்தன திடல் இருக்கும்? ஒன்னுதான்." முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எந்தக் கோலுக்கு அடிப்பீங்க?"

"ஒரு கோல்தான் இருக்கு. இன்னொன்ன ரப்பர் பால் லாரி இடிச்சுச் சாச்சிருச்சு, நான் ஸ்கூல் போற காலத்துல. மாட்ச்சுன்னா அந்தப் பக்கம் மூங்கில் நடுவோம். எதுக்குக் கேக்குறீங்க?"

தினமும் சாயங்காலம் ஒரே கோலைப் பார்த்து. ஒரே திசையில். சின்ன வயதிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை வாடா, உன் தோட்டத்துக்குப் போகலாம் என்றேன்.

16.10.1988, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. காலையில் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸிலிருந்த பழைய லெவல் கருவியை எடுத்துப் போனோம். அதில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், பழகியவனுக்குச் சிரமமில்லை. திடல் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் மலைச்சரிவு, பால்மரம் எல்லாமே சாய்ந்த நிலத்தில். கண்ணை நம்ப முடியாது. கருவி நிற்கும் முக்காலியை நட்டேன். அர்ச்சுனனை வலது ஓரத்தில் அளவுகோலோடு நிறுத்தி, "நான் சொல்ற வரைக்கும் அசையாத" என்றேன்.

கருவியின் தொலைநோக்கியில் அளவுகோலைத் தேடினால், ஒரு பெண் தலைகீழாக ஓடி வருகிறாள். கையில் விளக்குமாறு, அதுவும் தலைகீழாக. பின்னால் தொழிலாளர் லயத்துச் சனம் பாதி.

நிமிர்ந்து பார்த்தேன். அர்ச்சுனனின் அம்மா காளியம்மா. அவர் நேரே மகனிடம் போனார்.

"நீயுமாடா! பந்து ஆடப்போறேன்னு டவுனுக்குப் போயி, இப்ப நம்ம நெலத்தையே அளந்து குடுக்க வந்துட்டியா? யாருக்குடா வித்தாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் முதலில் முக்காலி வந்ததாம், பிறகு நோட்டீஸ் வந்ததாம், பிறகு மண் தள்ளும் மெஷின். இங்கே முக்காலி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைக்கூட யோசிக்காமல் நட்டிருக்கிறேன், மடையன்.

விளக்குமாறு அவன் முதுகில் விழ ஆரம்பித்தது. எனக்கு அளவு பாதியில் நிற்கிறது. "கோலை அசைக்காத!" என்று கத்தினேன். அவனும் அசைக்கவில்லை. அடியை வாங்கிக்கொண்டு நேராக நின்றான். அளவைக் குறித்துக்கொண்டேன். இப்படிக் கோல் பிடிக்கிற ஆள் எங்கள் ஆபீஸிலேயே கிடையாது.

பிறகு ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "யாரும் விக்கலம்மா. உங்க மகன் பந்து ஏன் வெளிய போகுதுன்னு பாக்க வந்தேன்."

"அதுக்கு அவன் காலப் பாக்காம நெலத்த எதுக்கு அளக்குற?"

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராமையா வந்து, அப்படி விற்றிருந்தால் எனக்குத் தெரியாமலா என்று சத்தம் போட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது. கலைந்தவர்கள் போகவில்லை, உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இடது ஓரத்தையும் அளந்தேன்.

நிற்கும் அந்த ஒரு கோலைப் பார்த்தால் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட இடுப்பளவு உயரம்!

வலப்பக்கம் மேடு என்பதால் ஓங்கி அடித்து அடித்துப் பழகிய கால். இடப்பக்கம் பள்ளம், தட்டிவிட்டால் போதும், பந்து தானே உருண்டு போகும். அதே காலோடு சமதளத்தில் ஆடினால் வலப்பக்கம் நீளாமல் என்ன செய்யும்? இடப்பக்கம் சோராமல் என்ன செய்யும்? கோணியிருந்தது திடல். கால் அதற்குச் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அர்ச்சுனன் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரே வார்த்தை: "அடப்பாவி." என்னையா திடலையா, தெரியவில்லை.

காளியம்மா கோழிக்கறி சமைத்துப் போட்டார். கருவியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எல்லாம் தலகீழால்ல இருக்கு! இத வச்சுக்கிட்டா தம்பி சம்பளம் வாங்குற?" என்றார்.

20.10.1988, வியாழன்

தினமும் விடிந்ததும் பள்ளித் திடல். மட்டம் பார்த்துவிட்டேன், சமம்தான். நான் வலது கோட்டின் மேல் நிற்கிறேன், அவன் எனக்கு அடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் பந்து பொறுக்கவே நேரம் சரியாக இருந்தது. இன்று பந்து நேராகக் கோட்டுக்கே வந்தது. கோட்டில் என் மூக்கு இருந்தது.

சந்தோஷமாக இருக்கிறது. வலியும் இருக்கிறது.

23.10.1988, ஞாயிறு

மீரா சாஹிப் கடையில் என் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தேன். சிரிப்பு அடங்கவே இல்லை.

"அன்னிக்கு ஒரு கட்சி, இன்னிக்கு ஒரு கட்சியா?" என்றார் பத்துமலை.

"அளந்து பாத்தேன் அண்ணே."

"பந்தாட்டத்த எவன்டா அளப்பான்! இவனுக்கு மூக்குல பட்ட பந்து மூளைக்கும் போயிடுச்சு பாய்."

மீரா சாஹிப் மட்டும், "இங்கருந்து அடுப்பு வரைக்கும் அளந்து சொல்லு தம்பி, ஏன் மீ கோரேங் எப்பவும் லேட்டாகுதுன்னு" என்றார்.

29.10.1988, சனி

தொண்டை போய்விட்டது. கடைசிப் பயிற்சி ஆட்டம்.

முதல் பாதியில் வலப்பக்கம் அடித்தது மறுபடியும் வேலிக்குப் போனது. அவசரம் வந்தால் கால் பழைய திடலுக்கே ஓடிவிடுகிறது. எழுந்து நின்று, "சமதளம்டா! சமதளம்!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்த சீனக் கிழவர் தள்ளி உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி. வலது ஓரத்தில் ஓடும் மலாய்க்காரப் பையனுக்கு ஒரு நீளப் பந்து. கோட்டை நோக்கி உருளுது, உருளுது, போச்சுடான்னு கண்ணை மூடிட்டேன். சத்தம் கேட்டுத் திறந்தால் பந்து கோட்டுக்கு உள்ளே நிற்கிறது, பையன் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கோல்! பத்துமலை அண்ணன் என்னைத் தூக்கிவிட்டார், என்னை, கல்லு நடுகிற ஆளை.

எல்லாம் நன்றாக ஆடினான் என்று சொல்ல மாட்டேன். தலைக்கு வரும் பந்துக்குக் குனிகிறான். இடது கால் வெறும் ஊன்றுகோல். ஆனால் இடப்பக்கம் போன பந்து ஒன்றும் வழியில் சாகவில்லை. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றவே இல்லை.

31.10.1988, திங்கள்

ஒரு வருட ஒப்பந்தம் தருகிறார்களாம். நாளைக்குள் சொல்ல வேண்டும். அர்ச்சுனன் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்குத் தயாராகலன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க? எந்த அண்ணன நான் நம்பட்டும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"இப்பவும் தயார்னு சொல்லல. தலைப்பந்து தெரியாது உனக்கு. இடது கால் கிடையாது. ஆனா திருத்தினா திருந்துற கால் உன்னோடது. ரெண்டு வாரத்துல திருந்துச்சு, நானே பாத்தேன். தயாரா இருக்கிறவன் எவனும் கிடையாது, திருந்துறவன்தான் இருக்கான். போய்க் கையெழுத்துப் போடு."

"வருஷம் முடிஞ்சு வேணாம்னுட்டாங்கன்னா?"

"எனக்குத் தெரியாது."

தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். "அண்ணே, நீங்க ஒருத்தர்தான் தெரியாததத் தெரியாதுன்னு சொல்றீங்க" என்றான், வாய் நிறையச் சோற்றோடு.

1.11.1988, செவ்வாய்

தொழிற்சாலையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டான். சூப்பர்வைசர் கை குலுக்கினாராம்.

9.7.1989, ஞாயிறு

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது என்று எழுத நினைத்துப் பேனாவை எடுத்தேன். மத்தியானம் வாசலில் ஹாரன் சத்தம்.

அர்ச்சுனன். அணியோடு தங்குகிறவனுக்கு என் சாம்பார் நினைவு வந்துவிட்டதாம். கூடவே வலது ஓரத்து மலாய்க்காரப் பையனையும் அழைத்து வந்திருந்தான். நேற்றைய ஆட்டம் எப்படி என்று கேட்டான். சொன்னேன். சோறு ஆறும்வரை சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், இரண்டுக்குச் சண்டை போட்டான்.

மலாய்க்காரப் பையன் தன் குறையை என்னிடம் கொட்டினான். முன்பெல்லாம் பந்து வெளியே போனால் அர்ச்சுனனைத்தான் திட்டுவார்களாம். இப்போது பந்து சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது, அவன்தான் போய்ச் சேரவில்லை என்று கோச் அவனைத் திட்டுகிறாராம். "எனக்கும் ஏதாவது அளந்து சொல்லுங்கள், பாங்" என்றான். பாங் என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்.

"உனக்கு ஓட்டம் மெதுவு. அதற்குக் கருவி கிடையாது" என்றேன்.

அர்ச்சுனன் புரையேறிச் சிரித்தான். அந்தப் பையன் அதைவிட. தட்டை நீட்டி மறுபடி சோறு கேட்டான். பானையில் இல்லை. திரும்ப உலை வைத்தேன்.