மாமாவுக்கு எழுதிய ஜாக்சன்வில் வழிகாட்டி

அன்புள்ள மாமா,

இன்று காலை அம்மா வெங்காயம் போட்டு வைக்க ஒரு பை தேடினார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அவர் இழுத்தெடுத்தது, நாங்கள் மைதானத்துக்குக் கொண்டுபோன அந்தக் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் பை. திறந்ததும் வெயிலுக்குப் பூசும் கிறீமின் வாசனை வந்தது. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. பைக்குள் நான் உங்களுக்காக எழுதிய பதினாறு பக்கக் கொப்பியும் கிடந்தது.

எங்கள் ரொறன்ரோ உதைபந்தாட்ட அணி புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு நட்பு ஆட்டம் ஆடப்போகிறது என்று தெரிந்த அன்று, "ஒருக்காவெண்டாலும் வெளியூரிலை போய்ப் பாக்கவேணும்" என்றீர்கள். சிறுநீரகங்கள் கைவிட்டு இரண்டு வருடம். கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ். உங்கள் பாஷையில் 'மெசின்'.

"அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ" என்றார் அம்மா. நான் நூலகத்துக்குப் போனேன்.

வெளியூர் ரசிகருக்கென்று மற்றவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இறால் கடையும் கடற்கரையும்தான் நிறைய இருந்தன. உங்களுக்கு வேண்டியது வேறு. எந்த வாசலில் படிகள் குறைவு, எந்தப் பக்கம் நிழல் விழும், எங்கே குந்த வாங்கில் இருக்கும் என்று தேடித் தேடி எழுதினேன். அதைப் பார்த்து மனம் மாறிய அம்மா, அந்த ஊரில் உங்களுக்கு ஒரு மெசின் கிடைக்க ஆறு இடத்துக்குப் போன் எடுத்தார். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று எல்லோரும் எழுதியிருந்ததை, உங்களுக்குத் தண்ணீர் அளவோடுதான் என்பதால் வெட்டிவிட்டு, 'ஐஸ் துண்டு சூப்பலாம்' என்று எழுதினேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால்: 'மாலை ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். மறுநாள் காலை ஐந்தரைக்கு மெசின்.'

"கடல் எத்தினையாம் பக்கம் பிள்ளை?"

"ஒன்பது. ஆனா மைதானத்திலையிருந்து தூரம் மாமா. தெரியாது."

"கடல் தெரியாத கடற்கரை ஊரோ? நல்ல வழிகாட்டி!"

ஜாக்சன்வில்லுக்கு மூவரும் போனோம்; ஆட்டத்தன்று அம்மா ஹோட்டலில் நின்றுவிட்டார். மைதான வாசலில் காவலாளி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் எங்கள் பையைத் தூக்கிப் பார்த்தபோது நீங்கள் என் காதுக்குள் சொன்னீர்கள்: "என்ர மருந்து முழுக்க ஊருக்கே தெரியுது. இனி எனக்கு ஆர் பொம்பிளை தருவினம்?" அறுபது வயதுவரை கலியாணம் கட்டாத மனிதர்! நான் சிரித்த சிரிப்பில் அந்தக் காவலாளியும் சிரித்தார்.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இருபதாவது நிமிடத்தில் மின்னியது. ஒரு மின்னலுக்கு அரை மணி நேரம் நிறுத்துவார்கள், அதற்குள் இன்னொன்று மின்னினால் மறுபடி அரை மணி. பிற்பகல் மழையைப் பற்றி எழுதிய நான் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. படிக்கட்டின் கீழே, ஈரச் சனத்துக்கு நடுவில் காத்திருந்தோம். ஆறு மணியாயிற்று. நான் கொப்பியை எடுத்தேன்.

"மாமா, ஆறு மணி."

"கொஞ்சம் பாப்பம். மழை விடுது."

"கொப்பியிலை ஆறு எண்டு இருக்கு."

"உதை எழுதினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீயே வெட்டலாமே."

நான் வெட்டவில்லை. உங்கள் கால் வீங்கியிருந்தது, காலையில் மெசின் இருந்தது, அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நீங்கள் ஒருமுறை மைதானத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழும்பினீர்கள்.

பஸ் தரிப்பில் நின்றபோது மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த ஊர் ரசிகர்களின் மேளம் மறுபடி தொடங்கியது. ஆட்டம் தொடங்கிவிட்டது. பஸ் வரவில்லை. சிறிது நேரத்தில் பெரிய ஆரவாரம்.

"உது அவையின்ர கோல்" என்றீர்கள். "அடுத்தவன்ர ஊரிலை எங்களுக்கு உவ்வளவு சத்தம் வராது."

பிறகும் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரே வெட்டாக நின்றது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"கேக்குதே?"

"ஒண்டும் கேக்கேல்லை மாமா."

"அதுதான் பிள்ளை. நாங்கள் அடிச்சிட்டம்!"

போனைப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று. ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த கையையும் சேர்த்து இரண்டையும் மேலே தூக்கி, அந்தத் தரிப்பில் நீங்கள் சிரித்ததை பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி வினோதமாகப் பார்த்தார்.

மறுநாள் மெசின் காலியாக ஏழு மணி ஆனது. அவ்வளவு நேரமும் வாசலில் குந்தியிருந்தோம். ஐந்தரைக்கு என்றுதான் உங்களை ஆட்டத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன்.

உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் என் தலையைத் தடவி, "பிள்ளை கொண்டுபோய்க் காட்டினவள்" என்றார்கள். இருபது நிமிடம்தான் காட்டினேன் மாமா. மிச்சத்தை வெளியே நிறுத்திவைத்துக் கேட்கச் செய்தேன். இதை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் அணி வெளியூரில் ஆடினால் ரீவியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுகிறேன். அந்த ஊர்ச் சனம் திடீரென்று அடங்கும். நான் நிமிர்ந்து திரையைப் பார்க்க முன்னமே, பேனை பிடித்த என் கை மேலே போய்விடுகிறது.