தேன்மெழுகில் ஆறு மூலை

பேளுக்குறிச்சி, பிப்ரவரி 9, 1943

எழுந்ததும் மறுபடி அதே நாற்றம். பெட்ரோல். ஏழாம் மாதத்தில் என் மூக்குக்கு அடுத்த தெருவில் தாளிப்பதுகூடத் தெரிகிறது, இது தெரியாதா? இவரிடம் சொன்னால், "கார் நிக்கற ஊட்டுல பெட்ரோல் வாசம் வராம சாம்பிராணி வாசமா வரும்?" என்கிறார்.

நானே பானட்டைத் தூக்கி மூங்கில் குச்சியை டேங்கில் விட்டுப் பார்த்தேன். இந்தக் காரில் டேங்க் முன்னால், பானட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. குச்சியில் நான் முன்பு கீறிவைத்த கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது பெட்ரோல். நேற்று வண்டி கொட்டகையை விட்டு நகரவே இல்லை. நின்ற வண்டி பெட்ரோல் குடிக்குமா?

கோயமுத்தூரில் யாரோ ஓட்டித் தேய்த்த கார்தான். ஆனாலும் ஊரில் பெருமையடிக்க இவர் வாங்கியதில்லை. போன தடவை மாட்டுவண்டியில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ராசிபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன். அதற்குமேல் எழுத முடியவில்லை. மிளகு வியாபாரத்தில் சேர்த்ததை எல்லாம் போட்டு இதை வாங்கினார். சண்டைக் காலத்தில் கூப்பனுக்குத்தான் பெட்ரோல். பிரசவத்துக்கென்று மிச்சம் பிடித்து வைக்கிறோம். அது போனால் மறுபடி மாட்டுவண்டிதான்.

டிரைவர் முத்தனைத் தவிர யாரும் பானட்டுப் பக்கம் போவதில்லை.

பிப்ரவரி 12

இன்னும் ஒரு விரல் குறைந்திருக்கிறது. இன்று சந்தை வேறு, திருட்டுப் பெட்ரோல் வாங்க ஆளா இல்லை?

பிப்ரவரி 17

முத்தன் மலைமேல் வாசலூர்பட்டிக்காரன். மலையில் இவருக்கு மிளகு மூட்டை சுமந்தவன். கார் வாங்கியதும் இவரே உட்காரவைத்து ஓட்டப் பழக்கினார். கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வான், அதோடு சரி. வாயே திறக்காத ஆளை எப்படி நம்புவது?

இன்று கொட்டகைப் பக்கம் போனேன். இவரும் அவனும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு குசுகுசுவென்று ஏதோ பேசினார்கள். என் வளையல் சத்தம் கேட்டதும் இருவரும் நிமிர்ந்தார்கள். "தண்ணி ஊத்தறோம்" என்றார் இவர். தண்ணீர்ச் சொம்பு எங்கே? இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி அக்காளிடம் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "லாரிக்காரனெல்லாம் சந்தையில பெட்ரோலுக்கு அலையறாங்க கண்ணு. நின்ன எடத்துல வித்துப்போட்டு வந்துரலாம்" என்றாள். நான் நினைத்ததையே அவளும் சொல்கிறாள்.

பிப்ரவரி 20

பானட்டைச் சுற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னேன். இவர் தலையில் அடித்துக்கொண்டே பூட்டினார். சாவி என் இடுப்பில். வண்டி எடுக்கும்போது மட்டும் முத்தன் வந்து கையை நீட்டுவான். முகத்தைப் பார்க்க மாட்டான்.

பிப்ரவரி 24

இரண்டு நாளாக வண்டி எடுக்கவில்லை, பூட்டு பூட்டினபடி இருக்கிறது. பெட்ரோல் குறைந்திருக்கிறது.

நான் என்ன பைத்தியமா?

பிப்ரவரி 26

கண்டுபிடித்துவிட்டேன். முத்தன் சாப்பிடப் போனபோது காரின் சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஸ்பானர் சுற்றிய துணிக்குள் ஓர் உருண்டை தேன்மெழுகு. அதில் என்னவோ அழுத்தி எடுத்த அச்சு பதிந்திருக்கிறது.

சாவியை மெழுகில் அழுத்தி அச்செடுத்துக் கள்ளச்சாவி செய்வார்கள் என்று நான் எத்தனை துப்பறியும் கதையில் படித்திருக்கிறேன். எனக்கே வித்தை காட்டுகிறானா? அச்சு மட்டும் சாவி மாதிரி இல்லை, ஆறு மூலையாக இருக்கிறது. பூட்டுக்கு உள்பக்கம் அப்படி இருக்குமோ என்னவோ. உருண்டையை எடுத்து என் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். சாட்சி வேண்டாமா?

மார்ச் 2

இவரிடம் சொன்னேன். முத்தனை நிறுத்துங்கள் என்றேன். மெழுகைப் பார்த்ததும் இவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அவனை உடு புள்ள. அவன் திருடறவன் இல்ல" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்படியானால் இரண்டு பேரும் கூட்டா? சே, என்ன எழுதுகிறேன். ஆனால் அந்த முகம்? என்னிடம் எதையோ மறைக்கிறார். என் வயிற்றில் இருப்பதைவிட என்ன பெரிசு இவருக்கு?

மார்ச் 6

இவர் மிளகு பார்க்க மலைமேல் திண்ணனூர் நாட்டுக்கு ஏறிப் போயிருக்கிறார். நான் முத்தனைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவன் கேட்கட்டும், மெழுகை முகத்துக்கு நேராகக் காட்டலாம் என்று கையிலேயே வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. என் கையை ஒரு தடவை பார்த்தான். "சரீங்கம்மா" என்றான்.

வாசல்வரை போனவன் திரும்பி, "வண்டிய நெதமும் பாத்துக்கச் சொல்லுங்க அய்யாகிட்ட" என்றான். மிரட்டுகிறானா?

சரியாகத்தான் செய்தேன்.

சேலம் ஆஸ்பத்திரி, மார்ச் 19

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இவர் மலையிலிருந்து இறங்கிய அன்றைக்கே, மதியச் சோற்றுக்கு முன்னால், எனக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருந்தது. இவரே காரை ஓட்டினார். நாமகிரிப்பேட்டை தாண்டியதும் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. போன தடவை வண்டி மாடு முரண்டு பிடித்து நின்றதும் இந்தச் சாலையில்தான். நான் அழவில்லை. நாற்றம்தான் பொறுக்க முடியவில்லை. "எங்கியோ ஒழுகுதுங்க, பானட்டைத் தொறங்க" என்று கத்தினேன்.

திறந்தார். நானும் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் குழாய் கார்புரேட்டரில் சேருகிற இடத்தில் ஒரு பித்தளை நட்டு. அதன் அடியிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தது. நட்டைச் சுற்றி மெழுகு, பாதி கரைந்து வழிந்து. நட்டுக்கு ஆறு மூலை.

அங்கேதான் இவர் வாயைத் திறந்தார். தை மாதத்திலிருந்தே ஒழுகுகிறதாம். டேங்கிலிருந்து பெட்ரோல் வராமல் மூடுகிற திருகும் வாங்கும்போதே உடைசலாம். சண்டையினால் மாற்றுச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. மலையில் தேன்குடுக்கை ஒழுகினாலும் பானையில் கீறல் விட்டாலும் தேன்மெழுகுதான் வைப்பார்கள், அதையே முத்தன் வைத்தான். பழையதைப் பெயர்த்துச் சீட்டடியில் போட்டுவிட்டுப் புதிது வைக்க வைக்க ஒழுகியது. கொட்டகை மண்தரை, சொட்டுவதை எல்லாம் குடித்துவிட்டது. "உனக்குத் தெரிஞ்சா பயந்துக்குவே. சொல்லாதேன்னு நாந்தான் அவன்கிட்டச் சத்தியம் வாங்கினேன்" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு மூச்சு இல்லை. ஆஸ்பத்திரி மூட்டையில் குழந்தைத் துணிக்கென்று வைத்திருந்த சலவைச் சோப்பைக் கொடுத்தேன். பெட்ரோலில் மெழுகு கரைகிறது, சோப்பு கரையாது. இவர் வேட்டியில் எண்ணெய்க்கறையைத் துளி பெட்ரோல் தொட்டுத் துடைக்கும் எனக்கு இது தெரியும். அதைக் கேட்கத்தான் என்னிடம் யாரும் வரவில்லையே. அவர் சோப்பைப் பிசைந்து நட்டைச் சுற்றி அப்பி, வேட்டிக் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். கார்புரேட்டருக்குள் மெழுகு போய் ஓட்டை அடைத்திருந்த சின்னத் திருகைக் கழற்றி வாயால் ஊதினார். வண்டி கிளம்பிவிட்டது.

பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் குரல் வார்டு முழுக்கக் கேட்கிறது. நர்சு மாற்றிவிடக் கூடாதே என்று காலில் கறுப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். என் புத்தி எங்கே போகும்?

மார்ச் 27

சேலத்து மெக்கானிக் கடைசல் பட்டறையில் புது நட்டு செய்து போட்டுவிட்டார். துளி கசிவில்லையாம். பழையதைத் துணியில் முடிந்து இவர் கொண்டுவந்து கொடுத்தார். டிரங்குப் பெட்டியில் இருக்கும் மெழுகில் வைத்துப் பார்க்க வேண்டும். எதற்கு? பொருந்தும் என்றுதான் தெரியுமே.

பேளுக்குறிச்சி, மே 4

முத்தனைக் கூட்டிவர இவர் வாசலூர்பட்டிக்கு ஏறிப் போனார். தனியாகத்தான் திரும்பி வந்தார். முத்தன் பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்துவிட்டானாம். அடிவாரத்தில் யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லையாம். பெட்ரோல் திருடன் என்று பேச்சு பரவியிருந்தது.

பேச்சு யார் வாயிலிருந்து பரவியது என்று இவர் சொல்லவில்லை. பாப்பாயி அக்காளிடம் நான் சொன்னேன். அவள் சந்தையில் சொன்னாள்.

ஆகஸ்ட் 5

முத்தன் பெண்டாட்டி பொன்னாயி வந்தாள். ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலில் வேண்டிக்கொண்டு, விழா முடிந்ததும் இறங்கி வந்தாளாம். குழந்தையின் நாக்கில் தடவத் தேன் கொண்டுவந்திருந்தாள். குடுக்கையின் வாயை மெழுகு வைத்து அடைத்திருந்தாள்.

உட்காரச் சொன்னேன். என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. "நான் உன்ற ஊட்டுக்காரரத் தப்பா நெனச்சுட்டேன், பொன்னாயி. ஊருக்கும் சொல்லிட்டேன்" என்றேன். அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "போன மாசம் லீவுல வந்தாங்க. கப்பல்ல போறமுன்னு சொல்லிட்டுப் போனாங்க. எந்த ஊருன்னு சொல்லலீங்க" என்றாள்.

கிளம்பும்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மடியிலிருந்து இலையில் பொதிந்த ஓர் உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள். புது மெழுகு.

"மழைக்கு முன்னால வண்டியில பழச எடுத்துப்போட்டு இத வெக்கச் சொன்னாங்க. வெச்சா சொட்டு ஒழுகாதுன்னு சொல்லச் சொன்னாங்க."

வைக்கிறோம் என்றேன்.