பெண் எடுத்த ஊர்

7 மே 1989, ஞாயிறு

விம்பிள்டனில் ஆனந்தராஜா மாஸ்டர் வீட்டில் கூட்டம். லண்டனில் நம் ஊர்களுக்கிடையே முதலாவது கரப்பந்துச் சுற்றுப்போட்டி. எட்டு ஊர், எட்டு அணி. யார் எந்த ஊர்க்காரன் என்பதிலேயே பின்னேரம் முழுக்கப் போய்விட்டது. பிறந்த ஊர் சரி. தாயின் ஊர் சரி. அப்போதுதான் நான் எழும்பினேன். பெண் எடுத்த ஊரையும் சேர்க்க வேண்டும் என்றேன். எங்கள் ஆட்களில் ஆம்பிளைதானே கலியாணம் கட்டிப் பெண் வீட்டுக்குப் போகிறவன்!

எல்லாம் ஜம்பு அண்ணைக்காக. ஜம்புநாதன் அண்ணை வேறு ஊர், ஆனால் எங்கள் நாவற்கேணியில் பெண் எடுத்தவர். அவரில்லாமல் எங்களுக்குப் பின்வரிசை இல்லை. பூவரசடி கப்டன் பாலேந்திரா துள்ளி விழுந்தான். "அவருக்கு எழுத்து மட்டும்தானே முடிஞ்சது? பொம்பிளை இன்னும் ஊரில. தாலி கட்டாதவர் என்னெண்டு மாப்பிள்ளை?"

"எழுத்து எண்டால் சட்டப்படி பதிஞ்ச கலியாணம். கையெழுத்து வைச்ச அண்டைக்கே அவர் எங்கட ஊர்" என்றேன். மாஸ்டர் தலையாட்டினார். வென்றுவிட்டேன்.

ரயிலில் என் அறைக் கூட்டாளி குலம் முதுகில் ஒரு அடி போட்டான். "நீ சட்டம் படிச்சு அப்புக்காத்தாய் வந்திருக்க வேணுமடா நேசன்."

21 மே, ஞாயிறு

வால்தம்ஸ்டோவில், வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் பயிற்சி. ஓவர் கேம்தான், ஊரில் ஆடியதுபோல. இடம் மாறுகிற வேலை இல்லை, நெற்றடியில், வலைக்குப் பக்கத்தில், நிற்கிறவன் கடைசிவரை நெற்றடியில்தான். நான் தூக்கிக் கொடுக்கிறேன், குலம் அடிக்கிறான். குலசேகரம் என்று அவன் தாய் மட்டும்தான் கூப்பிடுகிறவ; தாய் வழியில்தான் அவன் நாவற்கேணி, வளர்ந்தது வேறு ஊர். ஒரே அறை, ஒரே பெற்றோல் ஷெட், ஒரே ஷிப்ட். இனி ஒரே குடும்பம். என் தங்கச்சி கௌரியை அவனுக்குப் பேசி, ஓம் என்றும் சொல்லியாயிற்று. அவள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறாள். அவனுடைய அகதி வழக்கு சரிவந்தால் கூப்பிட்டுவிடலாம். நேரில் கண்டதில்லை; அவளிடம் அவன் படம், அவன் கட்டில் தலைமாட்டில் அவள் படம். வருங்கால மச்சானுக்குப் பந்து தூக்குவதில் ஒரு தனிச் சந்தோசம் இருக்கத்தான் செய்கிறது.

11 ஜூன்

வென்றோம். கை இரண்டும் வீங்கிப் போச்சு.

2 ஜூலை, ஞாயிறு

வென்றோம். மாலையில் கௌரிக்கு ரெலிபோன்.

"அவர் கடிதம் போட்டு ஒரு மாசமாகுது அண்ணை."

"விளையாட்டு மும்முரத்தில நிக்கிறான். பைனல் முடியட்டும்."

"அப்ப அந்தப் பந்தையே கட்டச் சொல்லுங்கோ" என்றாள். வாய்க்காரி. அறைக்கு வந்து குலத்துக்குச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். கடிதம் எழுதடா என்றேன். ஓம் என்றான்.

6 ஓகஸ்ட், ஞாயிறு

அரையிறுதி வென்றாயிற்று! பைனல் பூவரசடியோடு, பாங்க் ஹொலிடே திங்கள்.

குலம் இந்தக் கிழமை இரண்டு பயிற்சிக்கு வரவில்லை. ஷிப்ட் மாறிப்போச்சாம். புதுச் சப்பாத்து வாங்கியிருக்கிறான். ஆருக்கு மாப்பிள்ளைக் கோலம் எண்டு பகிடி விட்டேன். காது சிவந்தது. கௌரியை நினைத்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

26 ஓகஸ்ட், சனி

குலம் நேற்றிரவு வரவில்லை. நோர்பரியில் ஒன்றுவிட்ட தமக்கை வீட்டில் நிற்கிறானாம், ஜம்பு அண்ணை சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பைனலுக்கு முன் ஆட்களுக்கு இப்படித்தான் பதற்றம்.

28 ஓகஸ்ட், திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் ஏலாது.

காலையிலேயே பார்க் நிறைந்துவிட்டது. ரோல்ஸ், வடை, பிள்ளை குட்டிகள், ஒலிபெருக்கி. நாங்கள் நீல ஜேர்சி. குலத்தின் ஜேர்சியை நான்தான் தோய்த்து, மடித்துக் கொண்டுவந்தேன். ஆளைக் காணவில்லை. பூவரசடிக்காரர் மஞ்சள் ஜேர்சியோடு வரிசையாக இறங்குகிறார்கள். கடைசி ஆளாகக் குலம். மஞ்சளில்.

பகிடி எண்டு நினைச்சன். சத்தியமாய். கையைத் தட்டிச் சிரிக்கவும் தொடங்கிவிட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நெற்றடியில் வந்து நிற்க, சிரிப்பு அப்படியே நின்றது. மாஸ்டரிடம் ஓடினேன். "இவன் எங்கட ஆள் மாஸ்டர்! நாவற்கேணி!"

மாஸ்டர் என் தோளில் கை வைத்தார். "தம்பி, அவருக்கும் பாலேந்திராவின்ர தங்கச்சி சந்திரவதனாவுக்கும் வெள்ளிக்கிழமை எழுத்து முடிஞ்சுது. நீர்தானே கேட்டு எடுத்த விதி?"

பிறகு மாஸ்டர் என்ன சொன்னார் என்று தெரியாது. கௌரியின் முகம் வந்தது. பிறகு விசில்.

ஏன் விளையாடினேன்? மைதானத்தை விட்டு வெளியே வந்திருக்கலாம். மஞ்சள் ஜேர்சியோடு அவனை அங்கேயே பிடித்து உலுப்பியிருக்கலாம். கட்டளைக்குப் பழகின மாடு மாதிரி நின்று தூக்கினேன். நெற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் அவன். நான் எந்தப் பந்தை எங்கே தூக்குவேன் என்று அவனுக்குத் தெரியும், நான்தானே பழக்கினேன். தூக்கத் தூக்க மறித்தான். முதல் செற் போனது. இரண்டாவதும் போனது. கோப்பையை அவன் கையில் கொடுத்தபோது ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: "பூவரசடியின் புது மாப்பிள்ளை."

சனம் கை தட்டிச்சுது. எங்கட ஊர்ச் சனமும்தான்.

29 ஓகஸ்ட், செவ்வாய்

இந்த வீட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. ஜம்பு அண்ணைதான் சாட்சிக் கையெழுத்து. நான் ஆருக்காக எழும்பி நிண்டு வாதாடினேனோ, அவர்! "பைனல் முடியச் சொல்லுவம் எண்டு இருந்தனான் தம்பி. நீ குழம்பிப்போவாய் எண்டு" என்கிறார். குழம்பாமல் இப்ப என்ன, குளிர்ந்துபோய் நிற்கிறேனாக்கும்.

பின்னேரம் குலம் சூட்கேஸ் எடுக்க வந்தான். கட்டிலில் இருந்தான். நான் நின்றேன்.

"வழக்கு சரிவரேல்லை மச்சான். திருப்பி அனுப்பப் போறாங்கள். சந்திரவதனாவுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வேற வழி தெரியேல்லை."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"முகமில்லை."

"முகமில்லாதவன் நெற்றடியில என்ர முகத்துக்கு முன்னால வந்து நிண்டனியே!"

சூட்கேஸை இழுத்து எடுத்தான். பிறகு சொன்னான்: அவன் சீதனம் ஒன்றும் கேட்டுச் செய்யவில்லை, அவர்களும் அவனிடம் காசு ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பைனலில் மாப்பிள்ளை பூவரசடிக்கு ஆட வேண்டும் என்பது ஒன்றுதான் பாலேந்திரா கேட்டது.

உயிருக்குப் பயந்து கட்டினான் என்றால் எனக்கு விளங்கும். நானும் அதே பயத்தில்தான் இங்கே இருக்கிறேன். பந்து எதுக்கடா? அதை மறுத்திருக்க ஏலாதோ? கேட்டேன். கௌரியின் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கவில்லை. கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

3 செப்ரெம்பர், ஞாயிறு

கௌரிக்குச் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பைனலில் இருந்து தொடங்கினேன். மஞ்சள் ஜேர்சி, மாஸ்டர், ஜம்பு அண்ணை, முதல் செற், இரண்டாவது செற். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கௌரி?"

"நிக்கிறன். கலியாணம் குழம்பினது எனக்கு அண்ணை. நீங்கள் அழுறது பந்துக்கு."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். லைன் அப்போதுதான் போனது.

4 செப்ரெம்பர்

அவள் சொன்னது பிழை.

அரைவாசி பிழை.

19 நவம்பர், ஞாயிறு

கூட்டத்துக்கு வரச் சொல்லி மாஸ்டர் ஆள் விட்டார். அந்த விதியை எடுத்துவிடுவோமா என்று கேட்டாராம். எடுத்தால் என்ன, விட்டால் என்ன. போகவில்லை. பாலேந்திராவின் மரக்கறிக் கடைப்பக்கமும் போவதில்லை, முருங்கைக்காய் இல்லாமல் சாகிறவன் இல்லை நான்.

22 ஏப்ரல் 1990, ஞாயிறு

கௌரி வந்து சேர்ந்துவிட்டாள். ஏஜென்சிக்காரன் எங்கெங்கோ சுற்றிக் கொண்டுவந்திருக்கிறான். ஒருவருடைய பெண்சாதியாகவும் இல்லாமல், தானாக, தன் அகதி வழக்கோடு. மெலிந்துபோனாள். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அறையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதிலயோ இரண்டு பேர் இருந்தனீங்கள்? கோழிக்கூடு பரவாயில்லை."

10 ஜூன் 1990, ஞாயிறு

இரண்டாவது வருடப் போட்டி. ஆள் காணாது என்று ஜம்பு அண்ணை கெஞ்சிக்கொண்டு வந்து நின்றார். நானும் வாறன் என்று கௌரி வெளிக்கிட்டாள். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

முதல் செற் ஆடிவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தேன். குலம் எங்களை நோக்கி வருவதைக் கண்டேன். தூரத்தில் மடக்குக் கதிரையில் சந்திரவதனா, பிள்ளைத்தாச்சி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தா. எழும்பவா, இருக்கவா?

"கௌரி, எப்பிடி இருக்கிறீர்?" என்றான்.

அவள் நிமிர்ந்து ஆளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆர் அண்ணை இவர்?"

ஒரு வருடம் அவன் படத்தை வைத்திருந்தவள்.

"பூவரசடி மாப்பிள்ளை" என்றேன்.

"அப்பிடியே. சந்தோசம். உங்களைக் கூப்பிடுகினம் போல கிடக்கு, போங்கோ."

அவன் போனான். அவன் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படத்தில பாக்க உயரம்போல கிடந்தது. ஆள் கட்டை" என்றாள். சிரித்தாள். பிறகு சீலைத் தலைப்பால் மூக்கைச் சீறினாள், சீறிக்கொண்டே இருந்தாள்.

ஜம்பு அண்ணை கோட்டில் நின்று கூப்பிட்டார், இரண்டாவது செற் தொடங்கப் போகுதாம். ஏலாது அண்ணை, வேற ஆளைப் போடுங்கோ என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.