ஆறாவது இணை

செவ்வாய்க் கிரகம், குழித்தளம். நாள் 211. காலை 08:10
எழுதுவது: தரவுக் காப்பாளர் மரியசெல்வம், ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர். தளத்தில் ஆறு பேர் இருக்கிறோம். காற்றழுத்தம் சரியாக உள்ளது. புதிய காற்று வடிகட்டி ஓடுகிறது; நிறுத்தினால் மூச்சுக்குக் காற்றில்லை. அதைத் தாண்டிச் செந்தூசி வருகிறது என்பது எங்கள் புகார். வடிகட்டி நுரையீரலுக்கு நல்லது என்பது அதைத் தயாரித்தவர்கள் வாதம்.

மேலே சுற்றுப்பாதையில் ஆளில்லா மீட்புக் கலம் ஒன்று காத்திருக்கிறது. வடிகட்டி மூச்சைக் கெடுக்கிறது என்று எண்ணால் நிரூபித்தால்தான் அது இறங்கும். அளவீட்டுக்கு முன்பே பூமியில் எழுதிய விதி: வடிகட்டி பொருத்திய அன்று ஊதி அளந்த ஒரு மூச்சு, நாள் 214இல் இன்னொரு மூச்சு, வில்காக்சன் சோதனை, பி மதிப்பு, அதாவது தற்செயலாக அப்படி நேரும் வாய்ப்பு, 0.05க்குக் கீழே.

நாள் 212. காலை 09:00
இதைப் படிப்பவருக்குச் சோதனை தெரியாமல் இருக்கலாம். ஒரு வகுப்பில் தனிப்பயிற்சிக்கு முன்னும் பின்னும் மதிப்பெண் எடுக்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு எண்கள். அது ஓர் இணை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வித்தியாசங்களுக்குச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசை எண் கொடுத்து, கூடியதா குறைந்ததா என்ற குறியைத் திரும்ப ஒட்டுகிறோம். எல்லாக் குறியும் ஒரே பக்கம் விழுந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம்.

மென்பொருளில் இரண்டு நெடுவரிசைகள். முதல் மூச்சு, இரண்டாம் மூச்சு. ‘இணைத் தரவு’ என்று குறிக்க வேண்டும்; மறந்தால் அது ஆறு பேரைப் பன்னிரண்டு அந்நியர்களாக எண்ணிக்கொள்ளும். பிறகு ‘இருபக்கம்’. மூச்சு கூடவும் செய்யலாம் என்பதால் அதுதான் விதி.

ஆறு பேருக்கும் குறைந்தால் பி 0.031. போதும். ஆறு நாணயம் சுண்டி, ஆறும் ஒரே முகமாக விழுவது போல அது. ஐந்து நாணயம் என்றால் 0.0625. போதாது.

நாள் 213. மாலை 16:40
வெல்டர் சுடலைமுத்து படுத்துவிட்டார். இன்னும் ஓரிரு நாள்தான் என்கிறார் மருத்துவர் நஸ்ரீன். நாளைவரை தாங்க வேண்டும். இன்டர்காம் பதிவிலிருந்து:

“வாத்தியாரே, நா ஊதுனாத்தான் கப்பல் வருமாமே?”
“ஆறு பேர் வேணும் சுடலை.”
“பொறவென்ன? உங்க அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் போவேன். டாக்டரம்மா, அந்தக் கொழாய வேற எவனும் எச்சி பண்ணாமப் பாத்துக்கிடுங்க.”
“பேசாதீங்கண்ணே. மூச்ச மிச்சம் பிடிங்க.”
“பேசாமக் கெடந்தா செத்துட்டேன்னு தூக்கிருவிய.”

நாள் 214. காலை 10:25
ஐவருக்கும் குறைந்திருக்கிறது. எனக்கு 3.10 லிட்டர் 2.35 ஆகிவிட்டது. கருவி எண்களை நேரே பூமிக்கு அனுப்பிவிடும். ஆளுக்கு ஒரே ஊதல், திருத்த வழியில்லை.

சுடலையைத் தூக்கி உட்கார வைத்தோம். ஊதுகுழாயை வாயில் வைத்தால் சுற்றி நிற்பவர்கள் உற்சாகப்படுத்துவது வழக்கம். மருத்துவர் வாயில் அது தானாக வரும். பதிவு:

“ஊதுங்கண்ணே! இன்னும்... இன்னும்... விடாதீங்க!”

நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். “இன்னும்! இன்னும்!” அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. குழாயைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை ஊதினார்.

முதல் முறை கிண்டலடித்துக்கொண்டே பாதி மூச்சில் ஊதியவர் அவர். அன்று 1.62. இன்று 0.9 வரும் என்று நஸ்ரீன் நினைத்திருந்தார்.

திரையில் 1.62.

“பாஸா வாத்தியாரே?”
“பாஸ், சுடலை. நல்ல மார்க்.”
“நா ஊதுனா சும்மாவா?”

நாள் 214. காலை 11:05
சுடலைமுத்து இறந்தார்.

நாள் 214. பிற்பகல் 13:30
வித்தியாசம் பூஜ்யம் என்றால் அதற்குக் குறி கிடையாது. சோதனை அந்த வரியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். மென்பொருள் எழுதியது:
பூஜ்ய வித்தியாசம்: 1, நீக்கப்பட்டது. இணைகள்: 5. பி = 0.0625.

மெதுவாக ஊது என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்த் தரவு. சொல்லவில்லை. சொல்லியிருக்கவே மாட்டேன் என்று எழுத ஆசைப்படுகிறேன். எழுத வரவில்லை.

நஸ்ரீன் மூலையில் உட்கார்ந்து, “நான்தானே இன்னும் இன்னும்னேன்” என்கிறார். எல்லோரும்தான் அம்மா சொன்னோம்.

நாள் 215. காலை 07:50
பூமிக்கு அனுப்பியது: குறைவை மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சோதனைக்கு அனுமதி கேட்கிறேன். அப்போது பி 0.031. ஒருவர் இறந்தும்விட்டார்.

பதில்: “சார், எங்களுக்கு ரொம்ப வருத்தம். ஆனா தரவப் பாத்த பிறகு பக்கத்த மாத்த முடியாது. உங்களுக்குத் தெரியாததா? இறப்பு இந்தச் சோதனையோட அளவு இல்ல. முப்பது நாளுக்கு ஒரு தடவ மறு அளவீடு. தைரியமா இருங்க.”

அவர்கள் சொல்வது சரி. நானும் வகுப்பில் அதையேதான் சொல்லியிருப்பேன். மறு அளவீட்டில் சுடலை இல்லை. ஐந்து பேர் எவ்வளவு குறைந்தாலும் 0.0625க்குக் கீழே போக முடியாது. அதையும் எழுதி அனுப்பினேன். விதி விதிதான் என்றார்கள்.

நாள் 244. காலை 10:00
நான்கு பேர்தான் மிச்சம். நால்வருக்கும் மூச்சு பாதியாகக் குறைந்திருக்கிறது. பி = 0.125.
ஆள் குறையக் குறைய நாங்கள் நலமாகிக்கொண்டே போகிறோம். எண் அப்படித்தான் சொல்கிறது.

நாள் 259
நஸ்ரீனைச் சுடலைக்குப் பக்கத்தில் வைத்தேன். தனியாகத்தான், வேறு ஆள் மிச்சமில்லை. குழி ஆழமில்லை. மன்னிக்கவும்.

நாள் 274
மறு அளவீட்டு நாள். ஊத ஆள் நான்தான். நிற்க முடியவில்லை, உட்கார்ந்து ஊதினேன். யாராவது இன்னும் என்று சொல்வார்கள் என்று காத்திரு—
முதல் மூச்சு 3.10. இரண்டாம் மூச்சு 0.71.
இணைத் தரவு. இருபக்கம்.
இணைகள்: 1. பி = 1.
மாற்றத்துக்குச் சான்று இல்லை.
முடிவை அனுப்பவா என்று மென்பொருள் கேட்கிறது