நார்மல் என்று எழுதிய குப்பி

9-6-98, செவ்வாய்
காலை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி நெம்மேலி மீனவர் குப்பம். எடுத்துப் போனவை: ஊசி, பஞ்சு, ஐஸ் பெட்டி, பிஸ்கட். ஆராய்ச்சிக்காக இருபத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்தாயிற்று. ஆளுக்கு இரண்டு பிஸ்கட், எல்லோருக்கும் ஒரே வசனம்: "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது."

மீன் விற்கும் தேசம்மா அக்கா: "இவ்ளோ ரத்தம் எட்த்துக்கினு ரெண்டு பிஸ்கோத்தா? எனக்கே ஏவாரம் கத்துத் தர்றியே தம்பி!"

10-6, புதன்
சிவப்பணுவில் ஜி6பிடி என்ற நொதியை அளந்தேன். அது குறைந்தால் சில மாத்திரைகள் அணுக்களை உடைத்துவிடும். குப்பத்தில் யாருக்கும் குறையவில்லை. அத்தனை பேருக்கும் நார்மலைவிட இரண்டு மடங்கு! (ஒப்பிட வைத்த நார்மல் குப்பி: என் ரத்தம். ஓசியில் வேறு யார் தருவார்கள்?)

பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவை. "கடல் மீனாலதான்யா! வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பு. இது வந்தா உனக்கு டாக்டர் பட்டம்."

11-6, வியாழன்
வாய் சும்மா இருக்குமா? குப்பத்துக்கு ஓடிப் போய்ச் சொல்லிவிட்டேன். தேசம்மா அக்கா கூடையை இறக்கிவிட்டுக் கூவினார்: "கேட்டீங்களாடி? நம்ம ரத்தம் டபுள் ஸ்ட்ராங்கா கீதாம்!" ஒரு வஞ்சிரம் இனாம்.

12-6, வெள்ளி
கட்டுரை உறையில் தயார். மனச் சமாதானத்துக்கு லேப் வாட்ச்மேன் ரத்தத்தையும் அளந்தேன். இரண்டு மடங்கு. அவர் சுத்த சைவம். பேராசிரியருடையது? அதுவும் இரண்டு மடங்கு.

ஊரே நார்மல். எனக்குத்தான் பாதி.

போன வருடம் மலேரியா மாத்திரை சாப்பிட்டபோது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சூடு என்று இளநீர் குடித்தேன்; உடைந்தது என் சிவப்பணு. மடையன்.

பேராசிரியர் உறையைக் கிழித்துப் போட்டார். "உன் ரத்தத்தை வெச்சு உலகத்தையே அளந்திருக்கியே!" பட்டம் தள்ளிப் போயிற்று. கழிவறையில் போய் அழுதேன். பயமாகவும் இருந்தது.

13-6, சனி
கடல் காற்று, லேசான தூறல். குப்பத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வஞ்சிரத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்று ஒரு கவலை வேறு.

"அப்போ டபுள் இல்லியா?"

"இல்லக்கா. உங்களுக்கெல்லாம் சரியா இருக்கு. எனக்குத்தான் கம்மி."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டிக்கடைக்குப் போனார். இரண்டு பிஸ்கட் வாங்கி வந்து என் கையில் வைத்தார்.

"பயப்படாத தம்பி. ஒண்ணும் ஆவாது."